நடுப்படங்கள்

குதிரைக்காரருக்குக் குதிரை ஏறத் தெரியாது. குதிரைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்றால் பத்தடி தள்ளித்தான் நிற்பார். ஆனால் கார்ட்டூன் படத்தில் அவர் ஒரு குதிரையை ஓடவிட்டால் பார்க்கிறவன் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வான். அப்படி ஓடும். அதனால் வந்த பெயர் அது.

எங்கள் ஸ்டூடியோவில் வேலை இரண்டு பங்கு. குதிரை காலைத் தூக்குவது, பாய்வது, தரையில் ஊன்றுவது என்று முக்கியமான நிலைகளை மட்டும் ஒருவர் வரைவார். அது கீ படம். ஒரு கீ படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே வரவேண்டியதை இன்னொருவர் கண்ணாடிக்குக் கீழே விளக்கெரியும் ஒளிமேசையில் தாள்மேல் தாளாக அடுக்கிப் போடுவார். அது நடுப்படம். கீ படக்காரருக்கு ஜன்னலோர இடம், மரியாதை, படத்தின் கடைசியில் பெயர். நடுப்படம் போடுகிறவருக்குக் கழுத்துவலி.

குதிரைக்காரர் கீ படம். அவர் சம்சாரம் நடுப்படம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருடைய தாள்கள் அவள் மேசைக்குத்தான் போகும். அப்படிப் போய்ப் போய்த்தான் கல்யாணமே ஆனது. மற்ற கீ படக்காரர்கள் தாளின் ஓரத்தில் கோடு இழுத்து, எந்தப் படம் எதை ஒட்டி வரவேண்டும் என்று குறித்துக் கொடுப்பார்கள். இவர் கொடுத்ததே இல்லை. கேட்டால், "அதெல்லாம் அவளுக்குத் தெரியும்" என்பார். என்ன ஒரு அன்னியோன்யம் என்று நாங்கள் மூக்கின்மேல் விரல் வைத்தோம். ஸ்டூடியோவில் அவளுக்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது, குதிரைக்காரர் சம்சாரம்தான். நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன்.

நான் கேமரா அறையில் இருந்தவன். ஒரு படத்தைக் கேமராவுக்குக் கீழே வைப்பேன், எடுப்பேன், அடுத்ததை வைப்பேன். இப்போது அதே பழைய படங்களை ஸ்கேனரில் வைக்கிறேன், எடுக்கிறேன். என் தலையெழுத்து அவ்வளவுதான். குடியிருப்பதும் ஒரே வீட்டில், நான் கீழே, அவர்கள் மேலே. மாடியில் நாற்காலி நகர்ந்தால் யார் எழுந்தார்கள் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

தாளில் கையால் படம் போடும் பேப்பர் பிரிவைக் கம்பெனி மூடியபோது பலர் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அந்த விளக்குச் சூட்டில் உட்கார்ந்து கண் கெட்டவர்களை எண்ணினால் ஒரு பஸ் நிரம்பும். எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் பயிற்சி கொடுத்தார்கள், முடிவில் ஒரு டெஸ்ட். பாஸானால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

திரைக்குள் ஒரு பொம்மை இருக்கும். கை, கால், முதுகு, கண்ணிமை எல்லாவற்றுக்கும் ஒரு பிடி. பிடியை இழுத்து ஒரு நிலையில் நிறுத்தினால் அது கீ. கொஞ்சம் தள்ளி இன்னொரு நிலையில் நிறுத்தினால், இரண்டுக்கும் நடுவில் வரவேண்டியதை மெஷினே நிரப்பிவிடும். இதைக் கேட்டவுடன் எல்லோரும் தங்கச்சியைத்தான் பாவம் என்று பார்த்தார்கள். "உன் வேலைக்குத்தாம்மா முதல்ல வேட்டு" என்று நானே சொன்னேன். என் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். முதல் டெஸ்டிலேயே அவள் பாஸ். குதிரைக்காரர் ஃபெயில்.

அவர் வழக்கம்போல அருமையான கீ நிலைகளை வைத்துவிட்டு, நடுவே உள்ளதை மெஷினிடம் விட்டுவிட்டார். பொம்மை நடக்கவில்லை, தண்ணீருக்குள் மிதந்துபோவதுபோலப் போனது. அறையில் யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அன்று அவர்கள் மகள் போன் செய்தாள். வெளியூரில் படிக்கிறவள். "அம்மா, அப்பா பாஸாயிட்டாரா?" என்று அவள் கேட்டது ஸ்பீக்கரில் கீழே எனக்கே கேட்டது. தங்கச்சி போனை வைத்துவிட்டாள்.

ஒருத்தர் சம்பளத்தில் அந்த வீடு ஓடும். பிரச்சினை அது இல்லை. படம் போடுவதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது. பல்பு மாற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒன்றும் போய்விட்டால் காலையில் எழுந்து அவர் என்ன செய்வார் என்பது எனக்கும் தெரியவில்லை, தங்கச்சிக்கும் தெரியவில்லை.

பழைய பெயருக்காக இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். கிழவர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து, நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போகவேண்டும். அவ்வளவுதான் ஷாட். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிவைத்து மனிதர் உட்கார்ந்தார். மெஷினை இனி நம்புவதில்லை என்று முடிவுகட்டிவிட்டார். ஒவ்வொரு தனிப்படத்திலும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும், ஒவ்வொரு பிடியையும் தானே இழுத்து நிறுத்தி, ஆணி அடிப்பதுபோல அடித்துக்கொண்டே போனார். தங்கச்சி வேலைக்குப் போகும்போது கிழவர் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போது முழங்கை அசைந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் சாப்பிடமாட்டார். ரொட்டியும் பொரித்த முட்டையும் தட்டில் காய்ந்து கிடக்கும். படிக்கட்டில் என்னைப் பார்த்தால், "அவரு இன்னிக்கு அரை ரொட்டி தின்னாருண்ணே" என்று சந்தோஷமாகச் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் காட்டினார். ஸ்கேன் செய்ததைக் கொடுக்கப் போன சாக்கில் நானும் பின்னால் நின்றுகொண்டேன். நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருந்தது. சூப்பர்வைசர் ஒரு சின்னப் பெண், கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள். அவள்மேல் கோபப்பட நானும் பலமுறை முயன்றிருக்கிறேன், வந்ததில்லை.

"சார், கிழவருக்கு உயிர் இருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள். "ஒரே ஒரு திருத்தம். எழுந்திருக்கும்போது இன்னும் கொஞ்சம் சிரமப்படட்டும். முதுகு நல்லா வளைஞ்சு, மெதுவா நிமிரட்டும். சின்ன வேலைதான், இப்பவே போட்டுடலாம்."

அவருடைய வேலையைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், எல்லா ஃப்ரேம்லயும் கீ வெச்சிருக்கீங்களா?"

"ஆமா."

"எல்லா பிடியிலயும்?"

"ஆமாம்மா. கையால போடுறப்ப ஒவ்வொரு படமும் போட்டுத்தானே ஆகணும்?"

"பேப்பர்ல அது சரி சார். இங்க இதைத் திருத்தவே முடியாதே. முதுகை ஒரு இடத்துல வளைச்சா பக்கத்துல இருக்குற ஃப்ரேம் எல்லாம் பழையபடியே நிக்கும். உதறும் சார்."

உதறியது. மெதுவாக்கிப் பார்த்தார்கள், கிழவருக்குக் குளிர்ஜுரம் வந்துவிட்டது. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குச் சகிக்கவில்லை. அந்தப் பெண் திங்கட்கிழமை காலைவரை நேரம் கொடுத்தாள். அதற்குமேல் அவள் கையில் இல்லை என்றும் சொன்னாள். சனிக்கிழமை முழுக்க அவர் ஒரு முதுகைச் சரிசெய்தார், அடுத்தது கெட்டது. அதைச் சரிசெய்தார், முதலாவது கெட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. மாடியில் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. மத்தியானம் தங்கச்சி படியில் பாதி இறங்கி நின்று கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் மேல வாங்க. குளிக்கப் போறேன்னு போனவரு கதவைத் தொறக்க மாட்டேங்குறாரு."

ஓடினேன். இந்த வயதில் ஓடக்கூடாது, ஓடினேன். குளியலறைக் கதவைத் தட்டி, வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"யோவ், குழாயை மூடுய்யா. கீழ எனக்குச் சொட்டுத் தண்ணி வரல. வாயில பேஸ்ட்டோட நிக்கிறேன்."

தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. மனிதர் குளிக்கவே இல்லை. கவிழ்த்த வாளிமேல் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்கயாவது போயிடலாம்னு இருக்குண்ணே" என்றார்.

"போறதுன்னா மழை விட்டதும் போலாம். இப்ப எழுந்து வா" என்றேன். கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஷாட்டின் ஒரு நகலைத் திறந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்வதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

முதல் ஃப்ரேமைப் பார்த்தாள். "இது நீங்க" என்றாள். அடுத்ததைப் பார்த்தாள். "இது நீங்க இல்ல." அழித்தாள். அடுத்தது, அழித்தாள். அடுத்தது, அழித்தாள்.

"அது ஒரு நாள் பூரா உக்காந்து போட்டதுடி."

"தெரியுது. பயந்துக்கிட்டே போட்டிருக்கீங்க." அழித்தாள். "இது நீங்க. முட்டில கை வெச்சிருக்காரு பாருங்க, இது நீங்கதான்."

"எப்படி உனக்குத் தெரியுது?"

"காலைல எழுந்து போனா மேசைமேல உங்க தாள்தானே கிடக்கும். எத்தனை வருஷமா அதையே பாக்குறேன். ஒரு தாளுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமில்லாததைத்தான் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். எனக்குத் தெரியாதா?"

வாரக்கணக்கில் அவர் அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகப் போயின. அவர் கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் எஞ்சியவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் நிலைகள். உட்கார்ந்திருக்கும் கிழவர், முட்டியில் கைவைத்த கிழவர், நின்ற கிழவர், வாளி தூக்கிய கிழவர், கதவருகே கிழவர். நடுவே உள்ளதை மெஷின் நிரப்பியது. கிழவர் மறுபடி மிதந்தார்.

"இப்ப முதுகை எவ்வளவு வேணும்னாலும் வளைக்கலாம்" என்றாள். "இனி நடுவுல மட்டும் சரி பண்ணுங்க."

அவர் முயன்றார். எந்தப் பிடியை எங்கே இழுப்பது என்றே தெரியாமல் கை திரையின்முன் அலைந்தது. அவள் எழுந்து, அலமாரித் தட்டின் கண்ணாடியை உருவி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்து, கீழே மேசைவிளக்கைப் போட்டு ஒரு ஒளிமேசை ஆக்கினாள். உட்கார்ந்த கிழவரையும் நின்ற கிழவரையும் அவர் கையாலேயே இரண்டு தாளில் வரையச் சொன்னாள். ஒரே மூச்சில் வரைந்து தள்ளிவிட்டார். பென்சிலைப் பிடித்ததும் மனிதருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

"மெஷினை விட்டுடுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு படம் போடுங்க."

"இதென்ன பெரிய வித்தை" என்றார். போட்டார். கோடு சுத்தமாக இருந்தது. அவள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். திரையில் மெஷின் போட்ட நடுப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒன்று. முக்காலிக்கும் நிற்பதற்கும் சரிபாதியில், அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார் கிழவர்.

"இதுல என்ன தப்பு? சரியா நடுவுலதானே இருக்கு?"

"சரியா நடுவுல இருக்குறதுதாங்க தப்பு. எழுந்திருக்குற மனுஷன் நேரா மேல வரமாட்டான். முதல்ல தலை கீழ போகும். உடம்பு முன்னாடி சாயும். அப்புறம் இடுப்பு கிளம்பும். தலை கடைசியாத்தான் நிமிரும். ரொம்ப நேரம் உக்காந்த படத்தோடயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அப்புறம்தான் மனசு வந்து எழுந்திருக்கும்."

"நான் இப்படிப் போடச் சொல்லியிருக்கேனா உங்கிட்ட?"

"இல்ல."

"எப்பவாவது?"

"இல்லங்க."

வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவர் தன் கையையே பார்த்தபடி இருந்தார். மெஷின் அவர் இடத்தைப் பிடிக்கவில்லை. தங்கச்சியின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க அவர் ஒருநாளும் எழுந்து போனதில்லை. நானும்தான். அத்தனை தாளையும் ஒவ்வொன்றாகக் கேமராவில் எடுத்தவன் நான், எனக்கும் உறைக்கவில்லை.

"இதை ஒரு பொழுதுல கத்துக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாதுங்க" என்றாள் தங்கச்சி. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துப்போட்டாள். "நான் போட்டுத் தர்றேன். காலைல நீங்க கொண்டுபோய்க் காட்டுங்க. வேலை கிடைக்கட்டும். அப்புறம் தினம் வீட்டுல உக்காந்து நான் சொல்லித் தர்றேன். யாருக்குத் தெரியப்போவுது? அண்ணன் சொல்லமாட்டாரு."

"நான் எதையும் பாக்கவே இல்ல" என்றேன்.

அவர் தலையாட்டினார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சரி என்றுதான் ஆட்டினார்.

இருட்டுவதற்குள் அவள் முடித்துவிட்டாள். கிழவர் தலையைத் தாழ்த்தினார், முட்டியை அழுத்தினார், ஒருகணம் வேண்டாமா என்று யோசித்தார், எழுந்தார். எழுந்ததைப் பார்த்து எனக்கே முட்டி வலித்தது. அன்று ராத்திரி மூன்றுபேரும் மாடியில் உருளைக்கிழங்கும் சோறும் தின்றோம். அவர் முழுத்தட்டும் சாப்பிட்டார். தங்கச்சி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண் ஷாட்டைப் போட்டுப் பார்த்தாள். மறுபடி போட்டாள். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். தங்கச்சி தன் இடத்திலிருந்து திரும்பாமல் வேலை செய்வதுபோலப் பாவனை பண்ணிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கேன் தாள்களை அணைத்துக்கொண்டு வாசலருகே நின்றேன்.

"சார், இதுக்குமேல நான் என்ன சொல்றது? பாஸ் சார்" என்றாள் அந்தப் பெண். அவளுக்கே கண் கலங்கியிருந்தது. "அந்தத் தலை கீழ இறங்கிட்டு அப்புறம் மேல வருதே, அது எப்படி சார் தோணுச்சு உங்களுக்கு?"

ஏதோ தோணுச்சும்மா என்று சொன்னால் போதும். சும்மா சிரித்தால்கூடப் போதும். குதிரைக்காரர் திரையைப் பார்த்தார், திரும்பி தங்கச்சியின் முதுகைப் பார்த்தார்.

"அது என் வீட்டுக்காரி போட்டது" என்றார்.

"எது சார்?"

"எழுந்திருக்குறது. நடக்குறதும் அவதான்."

"அப்ப நீங்க போட்டது?"

"உக்காந்திருக்கறது. அப்புறம் நிக்கிறது." அதோடு நிறுத்தவில்லை. "இப்ப மட்டுமில்லம்மா. குதிரைக்காரர், குதிரைக்காரர்னு எல்லாரும் சொல்றீங்களே. நான் போட்டதெல்லாம் நிக்கிற குதிரை. ஓட்டினது அவ. எனக்கே நேத்துத்தான் தெரியும்."

தங்கச்சி திரும்பவில்லை. மௌஸைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் நின்றுவிட்டது.

"ஏன் சார் சொன்னீங்க?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். இத்தனைபேர் காதில் விழுந்தபிறகு அவள் என்ன செய்வாள்? "இங்க ஒரு ஷாட்டை ஒருத்தர்தான் முழுசாப் போடணும் சார். பிரிச்சுக் குடுக்குற வழக்கமே இல்ல. நான் இதை எடுத்துக்க முடியாது." தங்கச்சியிடம், "மேடம், இது உங்களுக்கும் நல்லதில்ல, இன்னொரு தடவை வேண்டாம்" என்றாள். அதற்கும் தங்கச்சி திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

குதிரைக்காரர் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். எனக்கும் சொன்னார். பிறகு குடையை எடுக்காமல் இறங்கிப் போனார்.

தங்கச்சி சாயங்காலம்வரை வேலை செய்தாள். நானும் வைத்தேன், எடுத்தேன். ஐந்தாறுமுறை வீட்டுக்குப் போன் செய்தேன். கடைசியில் எடுத்தார். "துணி துவைச்சுக்கிட்டு இருக்கேன்ணே" என்றார். அப்பாடா என்று மூச்சு வந்தது.

இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அவளைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"என்னம்மா செய்யறது. ஆனாலும் நாலுபேர் முன்னாடி உன்னைப் பத்தி எப்படிச் சொன்னான் பாத்தியா? யாருக்கு அந்த மனசு வரும்?"

அவள் வெடித்துவிட்டாள்.

"அந்த மனசை வெச்சு நான் என்னண்ணே பண்ணுவேன்? நாளைக்குக் காலைல நான் பையைத் தூக்கிட்டுக் கிளம்புவேன், அந்த மனுஷன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு அந்த வீட்டுல? நான் எப்படிண்ணே படி இறங்குவேன்?"

பஸ் வந்து நின்றது. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள். அவள் ஏறவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்ணே நான் காத்துக்கிட்டு இருந்தேன். அதை அவரு இன்னிக்கா சொல்லணும்?"